வெளியே நிற்பவர்

1

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம் என்னுடையது இல்லை. அதை நான் ஒட்டுக்கேட்டேன்.

ஒரு வக்கீல் அலுவலகத்தின் காத்திருப்பு அறை. உள்ளறையைப் பிரித்த பலகைத் தடுப்பு கூரையைத் தொடவில்லை. அதனால் உள்ளே பேசுவது வெளியில் இருப்பவர்களுக்குப் பாதி கேட்கும். நான் ஒரு பழைய வார இதழை விரித்து வைத்துக்கொண்டு, படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு பெண் கேட்டாள்:

"அவரும் உங்ககூடத்தானே உள்ள போவாரு?"

அதன் பிறகு உள்ளே இருந்த எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

வெளியே வந்த ஆணின் சட்டையில் தீயணைப்புத் துறையின் சின்னம் இருந்தது. கண் சிவந்திருந்தது. சிரித்ததாலா, வேறு எதனாலா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. கேட்க முடியாததால் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்:

சைரன் அலறியதும் அவன் கையிலிருந்த தேநீர்க் கோப்பை

[இங்கேயே விட்டுவிட்டேன். சைரனில் ஆரம்பித்தால் நீங்கள் நெருப்பை எதிர்பார்ப்பீர்கள். இந்தக் கதையில் நெருப்பு கிடையாது. யாரும் சாகப் போவதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகப் படியுங்கள்.]

இரண்டாவது தொடக்கம்:

தன் மரணத்தைப் பற்றிப் பேச மனைவியோடு ஒன்றாகக் கிளம்பிப் போகும் ஒருவன், அவளிடம் சொல்லாமல் சொல்வது என்னவென்றால்

[இதுவும் வேண்டாம். அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு இன்னும் தெரியாது.]

மூன்றாவதில் மனைவியிடமிருந்து தொடங்கினேன். கதை நகர்ந்தது.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். முதல் திருமணத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையோடுதான் இவனைக் கட்டிக்கொண்டாள். அந்தக் குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. இவனை "அப்பா" என்று கூப்பிட அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் செருப்பு வார் அறுந்தபோது "அப்பா, இதப் பாருங்க" என்றாள். அவன் செருப்பைப் பார்க்கவே இல்லையாம். அவளையே பார்த்துக்கொண்டு நின்றானாம்.

(இந்தச் செருப்பு நான் கண்டுபிடித்தது. ஆனால் இது நடந்திருக்கும்.)

அவன் கடன் வாங்கிக் கட்டிய சின்ன வீடு ஒன்று உண்டு. குடிபுகுந்த அன்று அவனுடைய அண்ணன் மாடிப்படியில் நின்று யாரிடமோ சொன்னார்: "நாளைக்கு இவனுக்கு ஒண்ணுன்னா, நம்ம ரத்தமே இல்லாத பொண்ணுக்கா இதெல்லாம் போகும்?" மனைவி அதைக் கேட்டுவிட்டாள். அன்று இரவே கணவனிடம் சொன்னாள். அண்ணன் அதைச் சொன்னபோது குழந்தை மொட்டைமாடியில் விளையாடிக்கொண்டிருந்ததாக இரண்டு பேரும் நம்பினார்கள்.

3

இப்போது வக்கீலின் அறை. வக்கீல் ஒரு பெண்மணி. மூக்கின் நுனியில் கண்ணாடி.

"பாப்பாவ சட்டப்படி தத்து எடுத்துட்டீங்களா?"

"பாப்பாவப் பெத்த அப்பா எங்க இருக்காருன்னே தெரியல மேடம். கையெழுத்துக்கு ஆள் கெடைக்கல. இழுத்துக்கிட்டே இருக்கு."

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா வீடு உங்க அண்ணன் பக்கம் போயிடலாம்."

"ரெண்டு பேருக்குமா?" என்றான் அவன். "தீக்குள்ள போறவன் நான்தானே?"

"நான் தெனமும் போற ரோட்ட வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றாள் மனைவி.

வக்கீல் விளக்கினார். உயில் எழுதலாம். ஆனால் எழுதிவைத்தது ஒரு சின்னப் பெண்ணின் கையில் போய்ச் சேரும்போது, அந்தக் கையைப் பிடிக்கப் பத்துப் பேர் வருவார்கள். அதற்குப் பதில் வீட்டை ஒரு டிரஸ்டில் வைத்துவிடலாம். இவர்கள் இருக்கும்வரை இவர்களே பார்த்துக்கொள்வார்கள். இவர்களுக்குப் பிறகு டிரஸ்டி என்று ஒருவர் பொறுப்பேற்பார்.

"வீடு அவர் கையில இருக்கும், ஆனா அவரோடது இல்ல. பாப்பா பெரியவளாகிற வரைக்கும் அவளுக்காகப் பிடிச்சு வெச்சிருப்பார். விக்க முடியாது, அடகு வெக்க முடியாது. யார் வந்து கேட்டாலும் குடுக்க முடியாது. அப்படி ஒரு ஆள் உங்களுக்கு இருக்காரா?"*

அவனுக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. "எங்க மச்சான் இருக்கான் மேடம். சொந்தம் இல்ல, கூட வேல செய்றவன். உள்ள போனா ரெண்டு ரெண்டு பேராத்தான் போவோம். என் ஜோடி அவன்தான். புகையில கண்ணு தெரியாது. என் தோள்ல அவன் கை இருக்கும். அந்தக் கைய நம்பித்தான் அடுத்த அடி வெப்பேன். அவனவிட்டா எனக்கு வேற யாரு?"

அப்போதுதான் மனைவி அந்த வாக்கியத்தைச் சொன்னாள்: "அவரும் உங்ககூடத்தானே உள்ள போவாரு?" அது மட்டும் நான் கேட்டது.

* இந்தக் கேள்வியை எழுதியதும் நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அதைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்.

4

இந்த மச்சான்மீது எனக்குச் சந்தேகம் வந்தது. அவனைக் கெட்டவனாக்கிவிட்டால் கதை சுலபமாகிவிடும். வீட்டின்மேல் ஒரு கண், அண்ணனோடு ரகசியப் பேச்சு என்று ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். அவன் நல்லவன். கஷ்டமே அதுதான். நல்லவன் ஒருவனிடம் போய் "நீ வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்.

தீயணைப்பு நிலையத்தின் பின்முற்றத்தில் அவனும் மச்சானும் நனைந்த குழாய்களைக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கனமான துணிக்குழாய்கள். ஒருவர் தூக்க, ஒருவர் இழுக்க வேண்டும்.

"என்னடா, ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

அவன் சொன்னான். டிரஸ்ட், டிரஸ்டி, முதலில் நினைத்த பெயர், மனைவி கேட்ட கேள்வி.

மச்சான் குழாயைக் கீழே விட்டான். "அப்ப என்மேல நம்பிக்கை இல்லன்னு சொல்ற."

"டேய், நீ என் பின்னாடியே வருவியே, அதுதான்டா பிரச்சினை."

"வராம இருந்துட்டுப் போறேன். உன் பொண்ணுக்காக ஒரு தடவ வாசல்லயே நின்னுக்கறேன்."

"நிப்பியா?"

மச்சான் வானத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான்.

"மாட்டேன்" என்றான்.

இருவரும் மறுபடியும் குழாயைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மச்சான் கேட்டான்: "அப்ப யாரு? எவன் எப்பவும் வெளியவே நிக்கிறான்?"

கேட்ட வேகத்திலேயே அவனுக்கு விடை தெரிந்துவிட்டது. "அய்யய்யோ," என்றான், "குழாயடியா?"

5

குழாயடி அண்ணன் என்பவர் தீயணைப்பு வண்டியின் பம்பை இயக்குகிறவர். நிலையத்திலேயே மூத்தவர். நெருப்பு எங்கே எரிந்தாலும் அவர் இடம் தெருவில், வண்டிப் பக்கத்தில்தான். உள்ளே இருப்பவர்களுக்குத் தண்ணீர் அறாமல் பார்த்துக்கொள்வார். திரும்பி வருபவர்கள் கரிபூசிய முகத்தோடு கதை கதையாகச் சொல்வார்கள். இவரிடம் சொல்லக் கதை இருக்காது. "அண்ணன் சட்டை கசங்காம தீயணைப்பார்" என்று கேலி செய்வார்கள். குழாயடி என்ற பட்டப்பெயரை வைத்தவன் நம் கதாநாயகன்தான்.

(இதைச் சேர்க்கலாமா என்று தயங்கினேன். சேர்த்ததும் அவன்மேல் இன்னும் பிரியம் வந்தது. கேலி செய்த வாயாலேயே போய்க் கேட்க வேண்டும் பாருங்கள்.)

"அண்ணே, ஒரு உதவி."

"எவ்வளவு?"

"பணம் இல்லண்ணே."

விஷயத்தைச் சொல்லி முடித்த பிறகும் அவர் பம்பின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெளிய நிக்கிறவன் வேணும்னு வந்திருக்க."

"ஆமாண்ணே."

"வெளிய நிக்கிறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா தம்பி? உங்க ரெண்டு பேரையும் அந்த வாசல் முழுங்கிடும். அப்புறம் எனக்கு ஆளும் தெரியாது, குரலும் கேக்காது. குழாய் துடிக்கிதான்னு கைய வெச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன். துடிச்சா நீங்க இருக்கீங்க. நீங்க வெளிய வந்து சிரிக்கும்போதும் என் கை அந்தக் குழாய விட்டிருக்காது. அதனாலதான் உங்க சிரிப்புல நான் சேர்றதில்ல."

"அண்ணே" என்றான் அவன்.

"கையெழுத்து போடறேன். ஆனா பாப்பாவ நான் முதல்ல பாக்கணும். அவளுக்கு என்னப் புடிக்கணும். புடிக்காத ஆள் கையில வீட்டக் குடுக்கக் கூடாது."

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றில், எல்லோரும் வக்கீல் முன்னால் கையெழுத்துப் போடுகிறார்கள். மச்சான் சாட்சியாகப் போடுகிறான். கதவு மூடுகிறது. [ஒழுங்கான முடிவு. உயிர் இல்லை.]

இன்னொன்று பல வருடம் கழித்து நடக்கிறது. அந்த டிரஸ்டுக்கு வேலையே வரவில்லை. பெண் வளர்ந்துவிட்டாள், அப்பாவுக்கு முடி நரைத்துவிட்டது. [இதைத்தான் நான் விரும்புகிறேன். ஆனால் என் விருப்பத்துக்குக் கதை கட்டுப்படாது. அவர்களும் என் விருப்பத்தை நம்பி வக்கீலிடம் போகவில்லை.]

அதனால் அவர் குழந்தையைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே நிறுத்திக்கொள்கிறேன். குழாயடி அண்ணன் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை. எதிரே அந்தப் பெண், காலை மடக்கிச் சோபாவில். அம்மாவும் அப்பாவும் தேநீர் போடுவதாகச் சொல்லி வேண்டுமென்றே சமையலறைக்குள் போயிருக்கிறார்கள்.

"நீங்கதான் எங்க வீட்டப் பாத்துக்கப் போற மாமாவா?"

"இப்ப உங்கப்பா அம்மா பாத்துக்கறாங்க. அவங்களால முடியாமப் போனா மட்டும் நான்."

"அப்பா தீயில மாட்டிக்கிட்டா?"

"ம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பெரியப்பா படியில நின்னு சொன்னாங்க, நான் அவங்க ரத்தம் இல்லையாம். நான் கேட்டேன்னு அப்பாகிட்ட சொல்லாதீங்க, அழுவாரு. பெரியப்பா வந்து கதவத் தட்டி, இது யாரோட வீடுன்னு கேட்டா, நீங்க என்ன சொல்லுவீங்க?"

தாழ்த்தினாலும் குழந்தைக் குரல்தானே. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

அவர் வாய் திறந்தார். நான் எழுதினேன்: "சட்டப்படி..." அடித்துவிட்டேன். "பயப்படாதே கண்ணு..." அதையும் அடித்தேன். அவள் பயப்படவில்லை, கேட்கிறாள். மூன்றாவதாக எழுதியதை உங்களுக்குக் காட்ட மாட்டேன். அது அவளுக்குப் போதவில்லை.

அவருடைய நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருங்கள். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதிலைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். சமையலறையில் இரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.