ஓரத்தில் அடிக்கும் ஊசி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. 1989-இல் எங்கள் மொண்டானா ஊரின் வரலாற்றுச் சங்கம் விழா மலருக்கு ஒரு பக்கம் கேட்டது. கரடியைக் கொன்ற துப்பாக்கியைப் பற்றி. இப்படித் தொடங்கினேன்:

நூறாண்டுகளுக்கு முன், அஞ்சா நெஞ்சர் எஸ்ரா பிக்ஸ்பி, சீறி வந்த கரடியின் கண்ணை நேருக்கு நேர் நோக்கி

அப்புறம் பேனா ஓடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவர் யார்?

2

மறுபடியும்.

எஸ்ராவின் பேரனும் சங்கத் தலைவருமான கார்ல்டன் பிக்ஸ்பி, துப்பாக்கி பழுதுபார்க்கும் வெர்னா ஹௌகனின் பட்டறைக்கு அந்தத் துப்பாக்கியை வெல்வெட்டில் சுற்றி எடுத்து வந்தார். (வெல்வெட் என் சேர்க்கை அல்ல. மேடைத் திரைக்கு வாங்கியதில் மிஞ்சியது.)

"விழா மேடையில நான் இதை ஒரே ஒரு தடவை சுடணும், வெர்னா."

"எதை வெச்சு சுடுவே? இதுல விசையை இழுத்தா உள்ள ஒரு ஊசி தோட்டாவோட விளிம்புல அடிக்கும். அந்த அளவுத் தோட்டா செய்யறதையே விட்டுட்டாங்க. இப்போ கிடைக்கிற தோட்டாவுக்கு ஊசி நடுவுல அடிக்கிற மாதிரி மாத்தணும். குழலைக் குடைஞ்சு உள்ள புதுக் குழாய் சொருகணும்."

"தாராளமா செய். ஆனா எதையும் மாத்தக்கூடாது. சங்கத்துல தீர்மானமே போட்டிருக்கோம்."

"அப்போ மேடையில தீர்மானத்தை வாசிச்சுட்டு நீயே 'டுமீல்'னு கத்திடு."

3

வெர்னாவை நான் ரொம்ப நல்லவராக எழுதிவிடுவேனோ என்று பயம். அவருக்கும் ஆறாத ஒன்று உண்டு. அவருடைய தாத்தா நில்ஸ், எஸ்ராவிடம் மாடு மேய்த்தவர். "நாங்க போனப்பவே கரடி செத்துக் கிடந்துச்சு" என்று சொன்னதற்காக வேலை போனது. பொய்யன் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. அப்பாவுக்கு வந்தது, வெர்னாவுக்கும் வந்தது. பள்ளியில் அப்படிக் கூப்பிட்டவர்களில் கார்ல்டனும் ஒருவர்.

குழலை லேத்தில் பூட்டுவதற்கு முன் வெர்னா உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தார். பார்த்தவர் கார்ல்டனை வரச் சொல்லிப் போன் செய்தார்.

4

"உள்ள பாரு. அந்தக் காலத்து வெடிமருந்து ஒரு தடவை வெடிச்சாலும் இரும்பை அரிச்சிருக்கும். இது கடையில இப்பதான் புதுசா வாங்கின மாதிரி இருக்கு. இப்போ தோட்டா உட்காருற இந்த ஓரத்தைப் பாரு."

"பள்ளமா இருக்கே?"

"தோட்டா இல்லாம விசையை இழுத்து இழுத்து, ஊசி இரும்புலயே இறங்கியிருக்கு. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, ஆயிரக்கணக்குல. உங்க தாத்தா இதால ஒரு முயலைக்கூடச் சுடல, கார்ல்டன்."

கார்ல்டன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். வசனம்கூட எழுதி வைத்திருந்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்ததும் தாத்தா என்னை மடியில வெச்சுப்பார். சுவத்துல இருக்கிற கரடித்தோலைக் குறி பார்த்து, டிக். ஒவ்வொரு டிக்குக்கும் நான் 'செத்துடுச்சு'ம்பேன். சிரிப்பார்."

"குடைஞ்சா இந்தப் பள்ளம் போயிடும்," என்றார் வெர்னா. "அப்புறம் யாரு பார்த்தாலும் எதுவும் தெரியாது. மேடையில ஜோரா வெடிக்கும்."

"குடையலைன்னா?"

"வெடிக்காது. ஏன்னு கேப்பாங்க. நான் சொல்லுவேன்."

5

குடைந்தால் கார்ல்டனுக்கு வீரர் மிஞ்சுவார், மடியில் கேட்ட சத்தத்தின் தடம் போய்விடும். குடையாவிட்டால் தடம் மிஞ்சும், வீரர் போய்விடுவார்.

முடிவு அ: துப்பாக்கி வெடிக்கிறது, ஊர் கைதட்டுகிறது, வெர்னாவும் தட்டுகிறார். (சினிமா.)

முடிவு ஆ: வெர்னா மேடையேறி உண்மையைச் சொல்கிறார், ஊர் தலைகுனிகிறது. (எங்கள் ஊரா? அதுவும் விருந்துக்கு முன்பா?)

இரண்டையும் அடித்துவிட்டேன். கார்ல்டன் இன்னும் முக்காலியில்தான் இருக்கிறார். வெர்னா லேத்தைப் போடவில்லை. அவர் காத்திருப்பது குடையச் சொல்லும் உத்தரவுக்கு அல்ல. நில்ஸ் பொய் சொல்லவில்லை என்ற ஒரு வார்த்தைக்கு. மேடை வேண்டாம், மைக் வேண்டாம், இந்தப் பட்டறைக்குள் சொன்னால் போதும்.

"வெர்னா," என்கிறார் கார்ல்டன். "உங்க தாத்தா..."

அடுத்த வார்த்தையை நான் எழுதினால், அந்த மனிதர் சொன்னதாக ஆகாது. நீங்கள் எழுதினாலும் ஆகாதுதான். ஆனாலும் எழுதிப் பாருங்கள்.