ஆணியில் இல்லாத ரெஞ்ச்

விடுமுறை நாள் காலை. மெக்கானிக் தன் மோட்டார் சைக்கிளை வாசலில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, பழைய துணியை விரித்து அதன்மேல் கருவிகளை வரிசையாக அடுக்கியிருந்தார். பக்கத்து வீட்டுத் தையற்காரர் வந்து நின்றார். இனிமேல் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ளப் போவதாகவும், அதற்காக எல்லா நட்டுக்கும் பொருந்துகிற ஸ்பேனர் ஒன்று வாங்கியிருப்பதாகவும் பெருமையாகச் சொன்னார்.

மெக்கானிக் அதை வாங்கிப் பார்த்த பார்வையிலேயே தையற்காரரின் பெருமை பாதி போய்விட்டது. இது நட்டின் முனைகளை மழுக்கத்தான் உதவும் என்றார். அந்தந்த நட்டுக்கு அதே அளவு ரிங் ஸ்பேனர் வேண்டும். ஸ்க்ரூவின் தலைக்கு ஏற்ற முனையோடு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். மலிவாக இருபது வாங்குவதற்குப் பதிலாக நல்லதாக நாலு போதும் என்று பாடமே நடத்தினார். அவர் வேலை பார்க்கும் மருத்துவமனை வண்டி ஷெட்டில் அவருக்குக் ‘கச்சிதம்’ என்று பட்டப்பெயர் வைத்தது சும்மா இல்லை.

கடைசியாகப் பின்சக்கர நட்டை இறுக்க, துணிப்பையிலிருந்து நீளமான ஒரு கருவியை எடுத்தார். டார்க் ரெஞ்ச். வேண்டிய அளவை அதில் வைத்துவிட்டால், நட்டு அந்த அளவுக்கு இறுகியதும் ‘டிக்’ என்று சொல்லிவிடும். அதற்குமேல் கை வைக்கக் கூடாது. சொன்னபடியே ‘டிக்’ என்றது. தையற்காரர் சொக்கிப்போய், இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அதுவரை ஓயாமல் பேசிய மெக்கானிக், காதில் விழாததுபோல் ரெஞ்சைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார்.

அது கிடைத்த இடம் மருத்துவமனை ஷெட். அங்கே சுவர்ப் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வெள்ளைப் பெயிண்டில் வரைந்து ஆணி அடித்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரே ஒரு நாளுக்கு என்றுதான் எடுத்து வந்தார். மறுநாளே தேட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரும் பார்க்கத் திருப்பி மாட்டக் கூச்சமாக இருந்தது. அவரும் கூடச் சேர்ந்து தேடினார், பாவி மனிதர்.

தையற்காரருக்குப் பதில் சொல்வதற்குள் மனைவியிடமிருந்து போன் வந்தது. அதே மருத்துவமனையின் ஆம்புலன்ஸில் அவர் நர்ஸ். பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண்ணை அடுத்த ஊர்ப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவதாகவும், மத்தியானம் தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

“கெளம்பும்போதே டயர் பஞ்சருங்க. டிரைவரண்ணன் வேற வீல மாட்டி, ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிச்சு இறுக்கினாரு. அதுக்குன்னு ஏதோ ரெஞ்ச் இருந்துச்சாம், இப்ப காணோமாம். சரி, அந்தப் பொண்ணு கூப்பிடுது, வைக்கிறேன்.”

மெக்கானிக் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மிதித்து இறுக்கினால் ஒரு நட்டு அளவுக்கு மீறி இறுகும், அடுத்தது இறுகாமலே நிற்கும், ஓட ஓட அது கழலும் என்று அவருக்குத் தெரியாதா? மனைவிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. டிரைவர் வண்டி ஓட்டும்போது போனைத் தொடுகிற ஆள் இல்லை. ஆனால் ஆம்புலன்ஸில் ஒயர்லெஸ் உண்டு. ஷெட்டுக்குப் பொறுப்பான ஃபோர்மேன் அங்கிருந்து ஒரு வார்த்தை சொன்னால் வண்டி நின்றுவிடும். ஃபோர்மேனைக் கூப்பிட்டார். என்ன விஷயம் என்று அவர் கேட்டதும், ரெஞ்சை எடுத்தது தான் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்தார். சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டார்.

வைத்த மறுநொடியே தன்மேலேயே வெறுப்பு வந்தது. ரெஞ்சைப் பைக்குள் திணித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அவருடைய வண்டி கச்சிதமாக ஓடியது. அதில் ஒரு நட்டுகூட ஆடவில்லை. அதுதான் அவரை இன்னும் உறுத்தியது. ஒவ்வொரு வளைவிலும், கவிழ்ந்து கிடக்கும் வெள்ளை வண்டியைத்தான் அவர் கண் தேடியது.

அரை மணி நேரம் கழித்து, மூடியிருந்த ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஓடிப்போய் மாற்றிய சக்கரத்தின் அருகே மண்டியிட்டார். ஐந்து நட்டில் இரண்டு, விரல் பட்டதுமே சுழன்றன. ஒன்று விழுவதற்குத் தயாராக இருந்தது. இறங்கி வந்து எட்டிப் பார்த்த டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது. மெக்கானிக் ஐந்தையும் தளர்த்தி, ரெஞ்சில் அந்தச் சக்கரத்துக்கான அளவை வைத்து, எதிரெதிராக ஒவ்வொன்றாய் இறுக்கினார். ஐந்து ‘டிக்’. வண்டிக்குள் அந்தப் பெண் வலியில் அலறிக்கொண்டிருந்தாள்.

மனைவி கதவைத் திறந்து பார்த்தார். ரெஞ்சின் கைப்பிடியில் மருத்துவமனையின் பெயர் வெள்ளையாக எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுக் கணவரை ஏறிட்டார்.

“எங்க ஆம்புலன்ஸ்ல பிரஷர் பாக்குற மெஷின் ஒண்ணுதான் இருக்கு. அத நான் நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டு, இந்தப் பொண்ணோட கையத் தொட்டுப் பாத்து, ‘எல்லாம் நல்லாதான் இருக்கு’ன்னு சொல்லியிருந்தா, நீங்க என்னை என்னன்னு சொல்லுவீங்க?”

அவர் ரெஞ்சைப் பைக்குள் வைக்கக் குனிந்தார். கேட் திறந்தது. ஆம்புலன்ஸ் போய்விட்டது.

மெக்கானிக் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஷெட்டுக்குப் போய், வேலையிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டு, ரெஞ்சை எடுத்தது தான்தான் என்றும், காலையில் போனில் அதைச் சொல்லப் பயந்துவிட்டதாகவும், கழன்றிருந்த நட்டுகளைப் பற்றியும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பிறகு அதை ஆணியில் மாட்டினார். அப்போதுதான் கவனித்தார்: பலகையில் வெள்ளை உருவம் மட்டும் மிஞ்சியிருந்த இடங்கள் இன்னும் ஏழெட்டு இருந்தன. அவருடைய போனில் மனைவியின் செய்தி வந்திருந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம் என்று இருந்தது. அவருக்கென்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

திட்டப்போகிறார் என்று எல்லாரும் ஃபோர்மேனைப் பார்த்தார்கள். அவர் வெளியே போய்த் தன் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி, உள்ளேயிருந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் பிளக் ஸ்பேனர் ஒன்றை எடுத்து வந்தார். அதை அதன் வெள்ளை உருவத்தின்மேல் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

“நம்ம வண்டி நல்லா ஓடணும்னு ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டோம்பா. உயிருக்குப் போராடுறவங்க ஏறுற வண்டிய யாரும் நெனைக்கல. பொதுப் பொருள எடுத்தா யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனைக்கிறோம். அது தப்பு. அத யாரோ ஒருத்தரோட உயிர்லேருந்துதான் எடுக்குறோம்.”

ஒருவர் பின் ஒருவராக ஷெட்டை விட்டு இறங்கினார்கள். சற்று நேரத்தில், வெளியே நிறுத்தியிருந்த அவரவர் வண்டிகளின் கருவிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.