வகுப்பு முடிந்த நேரம்

2024 நவம்பர் 16, சனி. ஒரு சிறிய தவறு. வகுப்புப் பதிவேட்டில் செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்த நேரம் 7.30 என்று இருக்கிறது. 7.55 என்று இருக்க வேண்டும். எழுதியது நான். அழுகை இன்றும் வரவில்லை.

எழுதி முடித்துவிட்டு கிறிஸ்டினா 'சிறிய' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறியதா பெரியதா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாததை எழுதியிருக்கக் கூடாது. அந்தச் சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள்.

பகலில் ஷூ கம்பெனியில் வேலை. ஒட்டிய சோல் எவ்வளவு இழுப்புக்குத் தாங்குகிறது என்று பார்த்து எண் எழுதுவாள். மாலையில் வேலூரில் பகுதி நேர இன்ஜினியரிங் வகுப்பு. வகுப்புப் பதிவேடு அவள் பொறுப்பு. திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் தேதி, பாடம், ஆசிரியர் பெயர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எல்லாம் நிரப்பி வைத்துவிடுவாள். கம்பெனியில் அப்படிச் செய்தால் வேலை போய்விடும். ஆனால் ஆதிகேசவன் சார் வகுப்பில் அதனால் பிசகு வந்ததே இல்லை. ஏழரை என்றால் ஏழரை. சாக்பீஸை டப்பாவில் போடுவார், கையைத் தட்டிக்கொள்வார், கையெழுத்துப் போடுவார், 7.45 ஆம்பூர் பஸ்ஸுக்கு நடந்துவிடுவார். இருபத்தோரு வருஷமாக அதே பஸ்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் டப்பாவை மூடிய பிறகு கிறிஸ்டினா நோட்டை நீட்டினாள். ஒரு பீம் எவ்வளவு வளையும் என்கிற கணக்கு. மூன்று முறை போட்டும் விடை சரியில்லை என்று தோன்றியது. சார் மணி பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பஸ் போனது. இப்போது சார் இல்லை. அடுத்த பஸ்ஸில் போனவர், பள்ளிகொண்டா தாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். மாதனூரில் கண்டக்டர் தட்டி எழுப்பியபோது உயிர் இல்லை.

வரும் திங்கட்கிழமை இரங்கல் கூட்டம். சாரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிப் படிக்க வேண்டியவள் கிறிஸ்டினா என்று வகுப்பே முடிவு செய்தது. "எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கறவ நீதானடி" என்றாள் பில்கிஸ். கம்பெனியில் பக்கத்து மேஜை, வகுப்பில் பக்கத்து பெஞ்சு. சாரின் கடைசிக் கையெழுத்து என்று பதிவேட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டவளும் அவள்தான்.

கிறிஸ்டினா அவளிடம் மட்டும் 7.55 விஷயத்தைச் சொன்னாள்.

"ஏழரையோ எட்டோ, யாரு பார்க்கப் போறா? பேஜார் புடிச்சவடி நீ. மூஞ்சி இன்னா இது, செவுரு மாதிரி? அழுதுடு, தீரும்."

"வரலை."

"அப்ப சாப்பிடு" என்று டிபன் டப்பாவை நகர்த்தினாள் பில்கிஸ்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிறிஸ்டினா ஒன்பது கேள்விகள் எழுதிக்கொண்டு ஆம்பூருக்குப் போனாள். பஸ் மாதனூரில் நின்றபோது ஏதாவது தோன்றுமா என்று தன்னையே கவனித்துப் பார்த்தாள். ஒரு அம்மா வெள்ளரிக்காய்க் கூடையோடு ஏறினாள். பஸ் கிளம்பியது.

சாரின் மனைவி மீனாம்பாள் கதவைத் திறந்தார். ஹாலில் மாலை போட்ட போட்டோ. அதன் கீழே சாரின் கண்ணாடியும் பஸ் பாஸும். மகள் தமிழினி பிளஸ் டூ படிக்கிறவள். சுவர் ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்டினா வரிசையாகக் கேட்டாள். மீனாம்பாளும் வரிசையாகச் சொன்னார். பிறந்தது ஆலங்காயம். அப்பா ஏர் பிடித்தவர். குடும்பத்தில் முதல் டிகிரி அவர்தான். சென்னையில் பெரிய கம்பெனி வேலை வந்தபோது, பகலில் உழைக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் யார் நடத்துவார்கள் என்று போகாமல் இருந்துவிட்டார்.

"வீட்டுல எப்படிம்மா?" இது ஏழாவது கேள்வி.

"வீட்டுலயா? பஸ் ஏறினா போன் பண்ணுவாரு, 'ஏறிட்டேன்'னு. மாதனூர் வந்தா இன்னொரு போன். அப்பதான் நான் தோசைக்கல்லு வெப்பேன். சூடா இருக்கணும் அவருக்கு. இவளுக்கு முதல் தோசை, எனக்கு ரெண்டாவது, அப்புறந்தான் அவரு உட்காருவாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதான்."

"அன்னிக்கும் கல்லு வெச்சீங்க" என்றாள் தமிழினி, தலையைத் தூக்காமல்.

"போன் வரலைன்னாலும் நேரம் ஆயிடுச்சேன்னு வெச்சேன். அது பாட்டுக்குக் காஞ்சுது." மீனாம்பாள் புடவைத் தலைப்பை மடித்தார், பிரித்தார். "அன்னிக்கு எட்டே கால் தாண்டிதான் முதல் போனே. 'ஏறிட்டேன்'னாரு. நான் ஏன் லேட்டுன்னு கேக்கலை. குக்கர் சத்தத்துல சரின்னு வெச்சுட்டேன். அப்புறம் இவ ஒரு போட்டோ காட்டினா. ரெஜிஸ்டராம். ஏழரைக்கு கிளாஸ் முடிஞ்சுதுன்னு போட்டிருக்கு. அப்ப பஸ்ஸை எப்படி விட்டாரு? வலி அப்பவே வந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுல முக்கா மணி நேரம் தனியா உட்கார்ந்திருக்காரு. ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இருந்துதோ இல்லையோ. நாலு நாளா அதான் எனக்கு. கண்ணை மூடினா அந்த சிமெண்ட் பெஞ்சுதான்."

கிறிஸ்டினா எட்டாவது கேள்வியைப் பார்த்தாள். சார் வாங்கிய விருதுகள். நோட்டை மூடினாள்.

சொல்லாமலும் போகலாம். குறிப்பு எழுத அது தேவையில்லை. பதிவேட்டை யாரும் திரும்பப் பார்க்கப் போவதில்லை. சொன்னால் இந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியாமல் போகலாம். தன் மனப் பாரத்தை இறக்கத்தான் சொல்கிறோமோ என்றும் சந்தேகமாக இருந்தது. ஆனால் அந்த சிமெண்ட் பெஞ்சைக் கொண்டுவந்து போட்டது அவள் எழுதிய எண்.

"அந்த நேரம் தப்பும்மா" என்றாள். "ஏழரைன்னு நான் திங்கட்கிழமையே எழுதி வெச்சுட்டேன். சார் அதை நம்பி கையெழுத்துப் போட்டுட்டார். ஏழு அம்பத்தஞ்சு வரைக்கும் என்கூட கிளாஸ்லதான் இருந்தார். நான்தான் ஒரு கணக்கு கேட்டு நிறுத்தி வெச்சேன். இல்லைன்னா அந்த பஸ்ல வந்திருப்பார்."

"ஒரு கணக்குக்கா?" என்றாள் தமிழினி. போனைக் கீழே வைத்திருந்தாள்.

"நீ இரு" என்றார் மீனாம்பாள். வெகுநேரம் போட்டோவையே பார்த்தார். தெருவில் தோல் லாரி ஒன்று பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது.

"வலின்னு சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லைம்மா. சிரிச்சார். பீம் நாப்பது மீட்டர் வளையுதுன்னு போட்டிருந்தேன். மில்லிமீட்டர்தான் வரணும். 'உன் பீமைப் பிடிச்சுக்கிட்டே நான் ஊருக்குப் போயிடலாம் போலிருக்கே, பஸ் எதுக்கு'ன்னார்."

"தண்ணி?"

"குடிச்சார். என் பாட்டில்ல."

மீனாம்பாள் தலையை ஆட்டினார். மன்னித்தாரா என்று கிறிஸ்டினாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. "அப்ப பெஞ்சுல இல்ல" என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டவர் போலச் சொன்னார். பிறகு, "நாளைக்கு நாங்களும் வருவோம். இதையும் படிம்மா. தப்பான நேரத்தையும் சொல்லிடு. மத்தவங்களும் என்னை மாதிரி நினைச்சுட்டிருப்பாங்க" என்றார்.

செருப்பு மாட்டும்போது தமிழினி பின்னாலேயே வந்தாள். "எந்தக் கணக்கு?"

கிறிஸ்டினா நோட்டைப் பிரித்துக் காட்டினாள். அவளுடைய நாற்பது மீட்டரின் மேல் சிவப்பில் ஒரே ஒரு கோடு. அடியில் இருந்த எண் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் சரியான விடை, சாரின் சுருக்கக் கையெழுத்து, தேதி. அழிப்பது அவருக்குப் பிடிக்காது. அழித்தால் நீ செய்யவில்லை என்று ஆகிவிடுமா என்பார்.

"நோட்டு வேணும்னா வெச்சுக்கோ."

"வேணாம். எக்ஸாம் இருக்குல்ல. அப்பா திட்டுவாரு" என்றாள் தமிழினி. போட்டோ எடுத்தாள். சரியாக விழவில்லை. இன்னொன்று எடுத்தாள். "'ஒரு கணக்குக்கா'ன்னு கேட்டதுக்கு நான் ஸாரி சொல்ல மாட்டேன்" என்றாள்.

"வேணாம்."

திரும்பும் பஸ்ஸில் கிறிஸ்டினாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மாதனூரில் மறுபடி தன்னைக் கவனித்துப் பார்க்க நினைத்திருந்தாள். தூங்கிப்போனாள்.

நவம்பர் 17, ஞாயிறு. மீனாம்பாள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எட்டாவது, ஒன்பதாவது கேள்விகள் கேட்கவில்லை. அழுகை வரவில்லை.

நாளை: நாலு மணிக்கு வெளியே போக சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆபீஸில் பதிவேட்டை வாங்க வேண்டும். 12ஆம் தேதி, 7.30 மேல் ஒரு கோடு. பக்கத்தில் 7.55, என் கையெழுத்து, தேதி. இந்த வாரத்துக்கு எதையும் முன்கூட்டி நிரப்பக் கூடாது. ஆறு மணிக்குக் கூட்டம். குறிப்பு இரண்டு பக்கம். படிக்க வேண்டும்.