சீனச் சமையல்காரன் குடித்துவிட்டுப் போடும் சண்டை

1

இந்தக் கதை அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரும் பஸ்ஸில் கிடைத்தது. சொன்னவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி டீச்சர். வருஷம் 1987. சினிமா பற்றிய கதை என்பதால் வேடிக்கையாகத்தான் தொடங்கினேன்:

சண்டைப் படமே பார்த்திராத டீச்சர் ஒருவர், ஒரு நாள்

(இதற்குமேல் வேடிக்கை வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.)

2

குழந்தைகள் தினத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை டவுன் கொட்டகைக்கு அழைத்துப்போக ஏற்பாடு. கொட்டகைக்காரர் தருவதாகச் சொன்னது பத்து வருஷத்துக்கு முந்திய சீனச் சண்டைப் படம். மொழி யாருக்கும் புரியாது, உதை புரியும்.

தலைமையாசிரியர் பாலசுந்தரம் சொன்னார்: "பழைய படம் டீச்சர். இப்ப உள்ள புள்ளைங்களுக்கு ஒத்துவருமான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அம்சவள்ளி ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குப் போனார். கூடவே மகள் புஷ்பவல்லி, அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

3

படத்தில் ஒரு சமையல்காரன். குடித்தால்தான் அவனுக்குச் சண்டை வரும். தள்ளாடுவான், விழப்போவான், விழுகிற வேகத்தில் நாலு பேரைச் சாய்ப்பான். கொட்டகையே சிரித்தது. அம்சவள்ளியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். திரும்பினால் மகளைக் காணோம். பெஞ்சுக்கடியில் குனிந்து அம்மாவின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"போட்டுக்கம்மா. ஓடிருவோம்."

(டீச்சரின் கணவர் தர்மனைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அவர் குடித்துவிட்டு வரும் நாட்களில் தாயும் மகளும் பின்கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடுவார்கள் என்பது போதும். இது பள்ளியில் யாருக்கும் தெரியாது.)

4

மறுநாள், "வேணாம் சார்" என்றார் அம்சவள்ளி.

"ஏன், அசிங்கமா எதும் வருதா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்பறம் என்ன?"

இந்த இடத்தில் டீச்சரை உண்மை பேசவைக்க ஆசைப்பட்டேன். வசனம்கூட எழுதினேன். அவர் வாயில் அது நிற்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "சண்டை ஜாஸ்தி சார்."

"சண்டைப் படத்துல வேற என்ன இருக்கும்? புள்ளைங்க சிரிச்சா சரி" என்று முடித்துவிட்டார் பாலசுந்தரம்.

5

பிள்ளைகள் சிரித்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த புஷ்பவல்லி முதலில் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானும் சிரித்தாள். போகப்போக, எல்லாரையும்விடச் சத்தமாக. பயம் தெளிந்துவிட்டது என்று அம்சவள்ளிக்கு நிம்மதி.

அன்று சாயங்காலம் தர்மன் தள்ளாடிக்கொண்டு வந்தார். வாசற்படி தடுக்கிச் சுவரைப் பிடித்தார். அம்சவள்ளி பின்கதவைத் திறந்து மகளைக் கூப்பிட்டார். வரவில்லை. அப்பாவுக்கு எதிரே நின்று கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரப் பாத்துடி சிரிக்கிற?" என்றார் தர்மன்.

6

முடிவு அ: மகள் சிரிப்பதைப் பார்த்துத் தர்மனுக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. அப்படியே படியில் உட்கார்ந்து

(நன்றாகத்தான் வந்தது. ஆனால் பெரம்பலூரில் இறங்கும்முன் டீச்சர் வேறு சொன்னார்.)

"ஒரே அறைதாங்க. இடது காது கேக்காது அவளுக்கு. ஆஸ்பத்திரில கேட்டாங்க, படியில வுழுந்துட்டான்னு சொல்லிட்டேன்."

முடிவு ஆ:

என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் எனக்கு எழுத வேண்டாம், அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லுங்கள். வலது பக்கமாக நின்று சொல்லுங்கள்.