மலைக்குப் போன வாரம்

யாரோ கேட்டை உலுக்கிய உலுக்கலில் பூட்டே தெறித்துவிடும் போலிருந்தது.

“லதா! வெளிய வாலா!”

பக்கத்து வீட்டுப் பாப்பாக்கா. நெற்றியில் புதுப் பிளாஸ்திரி, கையில் ஒரு மருந்துப் போத்தல்.

“இது நல்லா கேக்குதுன்னு நீதானே எழுதியிருக்க? இதையும் பிரஷர் மாத்திரையையும் சேத்து முழுங்காதேன்னு உன் நாத்தனா குமுதா சொன்னா. உன்ன நம்பி மாத்திரைய நிறுத்தினேன். காலைல பாத்ரூம்ல தலசுத்தி விழுந்துட்டேன்!”

“நான் எங்கக்கா எழுதினேன்?”

பாப்பாக்கா கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டினாள். புஷ்பலதாவின் கையெழுத்தேதான். அவளுடைய நோட்டுப் பக்கம். ‘காச்சிப் பாத்திமா. திங்கள் 9, வெள்ளி 2.’ அதன் கீழே சிவப்பு அச்செழுத்தில், ‘ஒரே வாரம்! உடம்புச் சூடு பறந்தது! குமுதாவிடம் கிடைக்கும்.’

புஷ்பலதாவுக்கு உச்சி வரை ஏறியது வழக்கமான சூடு இல்லை.

ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரம் பார்க்கிறவள் அவள். மாதவிடாய் நின்ற பிறகு, நாளைக்கு ஒன்பது தடவை உடம்பு கொதித்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அவள் எதையும் நம்பவில்லை, எதையும் ஒதுக்கவுமில்லை. கையுறையைச் சோதிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சோதித்தாள். வெந்தயத் தண்ணீர் மூன்று வாரம். சீன மருந்துக் கடை வேர் மூன்று வாரம். மலாய்க்காரப் பெண்கள் அவித்துக் குடிக்கும் காச்சிப் பாத்திமா மூன்று வாரம். எத்தனை தடவை சூடு வந்தது என்று தினமும் நோட்டில் குறித்தாள். 9, 8, 9, 10.

ஒரே ஒரு வாரம் மட்டும் 2க்கு இறங்கியது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாணத்துக்காகத் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போய், வார இறுதிவரை அங்கேயே இருந்தாள். பக்கத்தின் அடியில், ‘மலைக்குளிர்தான் காரணம், மருந்து இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தாள்.

படத்தில் அந்த வரி இல்லை.

“படிச்சுட்டுத் தாரேன் அண்ணி” என்று போன மாதம் நோட்டை வாங்கிப் போனவள் குமுதா, புருஷனின் தங்கை. தோட்டத்து லயங்களை இடித்துக் கட்டிய அந்தத் தாமான் குடியிருப்பில் அடுத்த வரிசை வீடு. புஷ்பலதா செருப்பைக்கூட மாட்டாமல் போய் நின்றாள்.

குமுதா போத்தல்களில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் அண்ணி இப்படிக் கத்துறீங்க? உங்க பேரக்கூட நான் போடலயே.”

“இந்தத் தாமான்ல எல்லாருக்கும் அரசாங்க ஃபாரம் எழுதிக் குடுக்குறவ நான். என் கையெழுத்து யாருக்குத் தெரியாது? பாப்பாக்கா மண்டைய ஒடச்சிக்கிட்டு நிக்கிறாங்க! நோட்ட எடு. முழுப் பக்கத்தையும் இப்பவே தாமான் வாட்ஸ்அப் குரூப்ல போடுறேன்.”

“போட்டோ எடுக்கறப்ப அடியில கொஞ்சம் வெட்டுப்பட்டிருச்சு. அதுக்குப் போயி...”

“வெட்டுப்பட்டுச்சா? அப்ப வேற பக்கத்தப் போட வேண்டியதுதானேலா? நோட்டுல பக்கமா இல்ல?”

குமுதா கையிலிருந்த லேபிளைக் கசக்கி எறிந்தாள்.

“எல்லாப் பக்கத்தையும் பாத்துட்டேன் அண்ணி! கொறஞ்சது அந்த ஒரு வாரந்தான்!”