சாமையை எஸ்ச்சூ செய்கிறவர்கள்

வளப்பூர் நாடு என்ற மலைக் கிராமத்துக்கு வேளாண் உதவி அலுவலராக வந்த எனக்குப் பயிர்களைவிட இங்கிலீஷ்மேல் ஆசை அதிகம். பஸ்ஸில் மலை ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு பழைய ஆங்கில நாவலைப் படிப்பேன். அதில் ஒரு பாதிரியார் மாமிசத்தை 'எஸ்ச்சூ' செய்தார் என்று வந்தது. மெல்லுவது 'ச்சூ' என்றால், ருசித்து மெல்லுவது 'எஸ்ச்சூ' என்று நானே முடிவுகட்டினேன். இருபது பக்கம் தள்ளி அவர் எலும்பும் தோலுமாக வந்து நின்றபோது, பாவம், ஜீரணக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் இங்குள்ளவர்களின் உணவுப் பழக்கம் பற்றி மேலிடத்தில் அறிக்கை கேட்டார்கள். இங்கிலீஷில் வேண்டும் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'இவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையை எஸ்ச்சூ செய்கிறார்கள்' என்று எழுதி, அந்த வார்த்தைக்கு அடிக்கோடும் போட்டு அனுப்பினேன்.

மூன்றே வாரத்தில் ஜீப் வந்தது. பிரிசில்லா என்ற அதிகாரி இறங்கினார். பின்னால் ஒருவர் பேனரை விரித்தார்: 'சாமை உண்போம், நலம் பெறுவோம்.' என் அறிக்கையைப் படித்துத்தான் வந்தார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாமை விதைக்கும் சாமியாத்தாளின் வீட்டு வாசலில் கூட்டம். சாமையின் சத்துகளை அரைமணி நேரம் விளக்கிய பிரிசில்லா, வாரம் ஒருநாளாவது சாப்பிட்டுப் பாருங்கள் என்று முடித்தார்.

சாமியாத்தாள் எழுந்தார். "ஏனுங்கம்மா, நேத்துக்கூட அதைத்தானுங்க ஆக்குனோம். வேண்டாம்னு ஆருங்க சொன்னது?"

"மிஸ்டர் ஆல்பர்ட்தான் எழுதியிருக்கார். நீங்க சாமையை ஒதுக்கிட்டீங்கன்னு."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. போனில் அந்த வார்த்தையைத் தட்டினேன். தவிர், விலக்கு, ஒதுக்கு. மூன்று பொருள் போட்டிருந்தது. மூன்றில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை.

டைப்பிங் பிழை என்று சொல்லலாமா என யோசித்தேன். அடிக்கோடு போட்ட பிழையை யார் நம்புவார்கள்?

"அர்த்தம் தெரியாம எழுதிட்டேன் மேடம். நல்லா ருசிச்சுச் சாப்பிடறதுன்னு நெனச்சேன்."

பிரிசில்லா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"உடுங்க சாமி," என்றார் சாமியாத்தாள். "வெயில்ல வந்திருக்கறீங்க, எல்லாரும் உக்காருங்க." சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. பிரிசில்லா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு முடித்ததும், திருத்திய அறிக்கையை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே படித்துவிட்டு, "அடுத்த தடவை தமிழ்லயே அனுப்பிடுங்க, ஆல்பர்ட்," என்றார். என் இங்கிலீஷைப் பற்றி மேலிடம் இதுவரை சொன்ன ஒரே கருத்து அது.