ஒன்பதாவது திரையில் பூமி

காலையில் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே கணவன் சொன்ன புத்திமதி இவ்வளவுதான்.

"எது நின்னுபோனாலும் பேச்சை மட்டும் நிறுத்திடாத. உள்ள மாட்டிக்கிட்டவனுக்கு வெளியில ஒரு குரல் கேட்டாப் போதும், பயப்பட மாட்டான்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். உலகத்துப் பிரச்சினை எல்லாமே இரண்டு மாடிக்கு நடுவில்தான் நடக்கிறது என்பது அவன் எண்ணம்.

"இன்னைக்கு உள்ள மாட்டப்போறது நான்" என்றாள் அறிவியல் டீச்சர்.

மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. இன்று இன்ஸ்பெக்டர் அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து அறிக்கை எழுதுவார். நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் ஆண்டு விடுமுறையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'கொஞ்சம் பொறுங்க'. கம்ப்யூட்டர் அறையில் நீள மேஜைமீது வரிசையாகப் பன்னிரண்டு மெஷின்கள். ஒவ்வொன்றும் சோம்பல் முறித்து எழுந்திருக்க ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை அவள் வாயில் வேறு வார்த்தை வராது.

பாடம், கோள்களின் சுற்றுப்பாதை. அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. 'படம்' என்று அழுத்தினால் கோள்கள் கோலிக்குண்டு அளவில், நட்சத்திரங்களுக்கு நடுவே அழகாகச் சுற்றும். 'உண்மை அளவு' என்று அழுத்தினால் நட்சத்திரமெல்லாம் மறைந்து திரை இருண்டுவிடும். இடது ஓரத்தில் சூரியன் கடுகாகச் சுருங்கிக் கிடக்கும். வலது பக்கம் வெகுதூரத்தில் ஒரே ஒரு நீலப் புள்ளி.

"அதோ, அதுதான் நாம" என்பாள். வகுப்பு மூச்சுவிடாது.

எட்டாம் வகுப்பில் ஐந்து பிரிவு; நான்கு பிரிவுகளுக்குத் தன் மெஷினில் இதை நடத்திக் காட்டியாகிவிட்டது. 'பூமி நீலப் புள்ளியாகத் தெரிந்தது' என்று நான்கு வகுப்பு நோட்டிலும் ஏறிவிட்டது. மூன்றாவது பிரிவில் ஒரு பெண் மட்டும் வேறொரு மெஷினில் அதையே அழுத்திப் பார்த்துவிட்டு, "என் மெஷின்ல தெரியலையே டீச்சர்" என்றாள். "உன் மானிட்டர் பழசு, துடைச்சுப் பாரு" என்று இவள் பதில் சொன்னாள். அந்தப் பெண்ணும் துடைத்துப் பார்த்தது.

இன்று ஐந்தாவது பிரிவு. பிள்ளைகள் அவள் மெஷினைச் சுற்றி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தலைமையாசிரியை அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீலப் புள்ளி வந்ததும் இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மூக்குக்கு ஏற்றினார்.

"இதுவா பூமி?"

"ஆமா சார்."

"இத்தனூண்டு இடத்துலதான் இவ்வளவு ஃபைலா?" என்றார். தலைமையாசிரியை அளவோடு சிரித்தார். "சரி, இதை ஒரு வருஷம் சுத்த விடுங்க பார்ப்போம்."

இந்தப் பார்வையில் அவள் காலத்தை ஓடவிட்டதே இல்லை. சுற்றுவதைப் 'பட'த்தில்தான் காட்டுவாள். பொத்தானை அழுத்தினாள். மூலையில் தேதி கடகடவென்று ஓடியது. ஒரு மாதம், இரண்டு மாதம்.

கூட்டத்தில் 'சந்தேகம்' என்று பெயரெடுத்த ஒருத்தி இருந்தாள்.

"டீச்சர், ஆறு மாசம் ஆயிடுச்சு. பூமி இன்னும் கிளம்பவே இல்லையே."

"மெஷின் நின்னுபோச்சோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார், பழைய மெஷின், அடிக்கடி இப்படித்தான்" என்று தலைமையாசிரியை முந்திக்கொண்டார். டீச்சரைப் பார்த்து லேசாகத் தலையாட்டவும் செய்தார். ஆமாம் போடு என்று அர்த்தம்.

ஆமாம் போட்டால் போதும். மெஷின்மேல் பழி, மணி அடித்துவிடும், அறிக்கை நல்லபடியாக முடியும். ஆனால் தேதி ஓடிக்கொண்டுதான் இருந்தது. டீச்சர் மவுஸால் சூரியனைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். சூரியன் வந்தது. பூமி வரவில்லை.

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மானிட்டர் திரை என்பதே லட்சக்கணக்கான பொடிப் புள்ளிகள்; அதில் ஒன்று கெட்டுப்போய் எந்நேரமும் நீலமாகவே எரிகிறது. மற்ற நேரத்தில் கண்ணில் படவில்லை. இருட்டானதும் பூமியாகிவிட்டது.

"மெஷின் நல்லாத்தான் ஓடுது சார்" என்றாள். "இது பூமி இல்ல. மானிட்டர்ல கெட்டுப்போன புள்ளி."

தலைமையாசிரியை ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்போ இதுக்கு முன்னாடி நடத்தின வகுப்புக்கெல்லாம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாலு வகுப்புக்கும் இதைத்தான் சார் காட்டினேன். தப்பாத்தான்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை, திறந்து வைத்துக்கொண்டார்.

"அப்ப பூமி எங்க டீச்சர்?" என்றாள் சந்தேகம்.

பேச்சை நிறுத்தாதே. டீச்சர் சாக்பீஸை எடுத்தாள். "இந்த அளவுல பூமி ஒரு புள்ளியில பத்துல ஒரு பங்குகூட வராது. அதனால மென்பொருள் வரையவே இல்ல. ஒரு முழுப் புள்ளியா பூமி தெரியணும்னா, சூரியன்லேருந்து பதினோராயிரத்து எழுநூறு புள்ளி தள்ளிப் போகணும். நம்ம திரை அகலம் ஆயிரத்து முந்நூத்தி அறுபத்தாறு புள்ளி. வகுத்துப் பாருங்க."

"எட்டரை" என்று நாலைந்து குரல்கள்.

"அப்போ எத்தனை மெஷின் வேணும்?"

"ஒன்பது."

வரிசையில் முதல் மெஷின் அவளுடையது. காட்சியைப் பெரிதாக்கினாள்; அதில் சூரியன், இப்போது ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. கெட்ட புள்ளியின்மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினாள். இரண்டாவது மெஷினில் காட்சியை ஒரு திரை வலப்பக்கம் நகர்த்தினார்கள், மூன்றாவதில் இரண்டு திரை. ஆறாவது மெஷின் உயிரை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

"இதை என்ன பண்றது டீச்சர்?"

"விடு. அங்க இருக்கறதும் வெறும் இருட்டுதான்."

இன்ஸ்பெக்டர் முதல் மெஷினிலிருந்து நடக்க ஆரம்பித்தார். இருட்டு, இருட்டு, இருட்டு, இருட்டு, செத்த மெஷின், இருட்டு, இருட்டு. ஒன்பதாவதில் குனிந்தார். நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம், தூசிபோல ஒரு புள்ளி.

"துடைச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சு சார்" என்றாள் சந்தேகம். "போகல."

டீச்சர் காலத்தை ஓடவிட்டாள், ஒரு நாளுக்குப் பத்து நொடி. புள்ளி மேல்நோக்கி நகர்ந்தது. இரண்டு நாள் முடிவதற்குள் திரையின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. இன்ஸ்பெக்டர் தன்னை அறியாமல் மானிட்டருக்கு மேலே சுவரைப் பார்த்தார்.

அறிக்கையின் நகல் மாலையில் கிடைத்தது. 'பாடத்தில் பிழை ஒன்று. கேள்வி கேட்டவர் மாணவி. ஒப்புக்கொண்டவர் ஆசிரியை. நான்கு வகுப்புகளுக்கும் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். நிரந்தரம் செய்யலாம்.'

"நின்னுச்சா?" என்றான் கணவன், சோற்றைப் பிசைந்தபடி.

"பூமியே நின்னுச்சு."

"பேசினியா?"

"பேசினேன்."

மறுநாள் முதல் பாடவேளை, மூன்றாவது பிரிவு. துடைத்துப் பார்த்த பெண்ணைத் தேடிப் பிடித்து முதல் வரிசைக்கு வரச் சொன்னாள். பிறகு எல்லாரையும் பார்த்தாள்.

"நோட்டை எடுங்க. பூமி நீலப் புள்ளியா தெரிஞ்சுதுன்னு ஒரு வரி இருக்கும். அதை அடிங்க."